பில்லூரில் தண்ணீர் எவ்வளவு, மண் எவ்வளவு? அணையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்வாரியத்தின் புனல் மின் பிரிவு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், கோவை மாநகராட்சி, வனத்துறை ஆகியவற்றின் பொறுப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான்கு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். பில்லூர் அணை மின்வாரியத்தின் சொத்து. அதிலிருந்து குடிநீர் எடுக்கும் திட்டங்களைக் கட்டியது குடிநீர் வாரியம். அந்தத் தண்ணீரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்ப்பது மாநகராட்சி. அணையைச் சுற்றி எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அது வனத்துறையின் காப்புக்காடு. ஆளுக்கொரு பங்கு இருக்கிறது, ஆனால் முழு அணைக்கும் பதில் சொல்ல ஒரு மேசை இல்லை. கோவையில் பில்லூர்த் தண்ணீர் குடிக்கும் லட்சக்கணக்கானவர்களில் ஒருவனாக நான் கேட்பது இதுதான்: பில்லூரை இனி முதலில் குடிநீர் ஏரியாகவும், அதற்கு அடுத்து மின்நிலையத்தின் நீர்த்தேக்கமாகவும் நடத்துங்கள். அதற்கு முதல் வேலையாக, அணைக்குள் இன்று தண்ணீர் எவ்வளவு, மண் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள்.

இந்த அணை எதற்காகக் கட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீலகிரியின் குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி என்று மேலே மலையில் தேங்கும் நீர், படிப்படியாகக் கீழே இறங்கி ஒவ்வொரு மின்நிலையமாகச் சுற்றிவருகிறது. குந்தா, கெத்தை, பரளி தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம் பில்லூர். அங்கே 1960களில் கட்டிய அணையும், தலா 50 மெகாவாட் திறனுள்ள இரண்டு இயந்திரங்களும் இருக்கின்றன. குந்தா வரிசையின் ஆறு மின்நிலையங்களும் சேர்ந்து 585 மெகாவாட். அவலாஞ்சியில் பெய்த மழை கோவை கணபதிப் பகுதியில் ஒரு வீட்டுக் குழாயில் விழுவதற்கு முன்னால், மூன்று நான்கு இடங்களில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. இவ்வளவு வேலை செய்யும் தண்ணீர் தமிழ்நாட்டில் வேறெங்கும் அதிகம் கிடையாது.

மின்திட்டத்தின் நீர் மட்டும் பில்லூருக்கு வருவதில்லை. பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், அங்கே சிறுவாணி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, முள்ளிப் பக்கம் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இங்கே வருகிறது. இரண்டு நீரும் கலக்கும் இடம் என்பதால்தான் கோவை நகரம் 1990களில் பில்லூரை நாடியது. அதுவரை நகரத்தின் பெருமையெல்லாம் சிறுவாணி. முதல் பில்லூர்த் திட்டம் நாளொன்றுக்குப் 12.5 கோடி லிட்டர். இரண்டாவது திட்டமும் அதே அளவு. அணையிலிருந்து எடுத்து, வெள்ளியங்காட்டில் சுத்திகரித்து, குழாய் வழியாக நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் அனுப்புகிறீர்கள். மூன்றாவது திட்டம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது நாளொன்றுக்கு 17.8 கோடி லிட்டர். ஆக, மின்சாரத்துக்கென்று கட்டிய ஒரு தேக்கத்தை நம்பி முப்பது ஆண்டுக்குள் ஒரு மாநகரமே வளர்ந்துவிட்டது. அணையை நடத்தும் முறை அதே வேகத்தில் மாறியிருக்கிறதா?

முதலில், நீர்மட்டச் செய்திகளில் வரும் அந்த 100 அடியைப் பார்ப்போம்.

தென்மேற்குப் பருவமழை வலுத்தால் போதும், செய்தி வந்துவிடும்: பில்லூர் நீர்மட்டம் 97 அடியைத் தொட்டது, நான்கு மதகுகள் திறப்பு, பவானிக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. மொத்த உயரம் 100 அடி என்பதால் 97-ல் உபரிநீரை விடுகிறீர்கள். அது சரி, பாதுகாப்பான ஏற்பாடு. அந்தச் செய்தியைப் படிக்கும் கோவைக்காரர், அப்பாடா, இந்த வருடம் தண்ணீருக்குக் குறையில்லை என்று நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் அந்த அளவுகோல் காட்டுவது தண்ணீரின் மேல்மட்டத்தை மட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. மண் மேடாக மேடாக, அதே 97 அடிக்குள் இருக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும், எண் மட்டும் மாறாது. அணை சீக்கிரம் நிரம்புவதுகூட நல்ல செய்தியாக இல்லாமல் போகலாம். குடம் சின்னதாகிவிட்டால் இரண்டே செம்பில் நிறைந்துவிடும்தானே.

கட்டியபோது பில்லூரின் கொள்ளளவு சுமார் 1,568 மில்லியன் கன அடி, அதாவது ஒன்றரை டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டும். லிட்டரில் சொன்னால் 4,440 கோடி. முதல் இரண்டு குடிநீர்த் திட்டங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 கோடி லிட்டர். அப்படியென்றால் அணை முழுதும் நிரம்பி, மண்ணே இல்லாமல், ஒரு சொட்டுக்கூட வரத்தும் இல்லாமல், மின்சாரத்துக்கும் விடாமல் இருந்தால் ஏறக்குறைய ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். இது காகிதக் கணக்குதான். ஆவியாவது, ஆற்றில் விட வேண்டியது, அடிமட்டத்தில் எடுக்க முடியாமல் கிடப்பது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கழித்த பிறகு மண்ணையும் கழிக்க வேண்டும். அந்தக் கடைசி எண்தான் வேண்டும் என்கிறேன். மண் எவ்வளவு என்பதற்குச் செய்திகளில் வெவ்வேறு எண்கள் அடிபடுகின்றன. ஒரு மாநகரத்தின் குடிநீரைப் பற்றிய அடிப்படை விவரத்தை மக்கள் செய்தித் துணுக்குகளிலிருந்து பொறுக்கிக்கொள்ளும் நிலை இருக்கக் கூடாது.

கோடையில் அணையின் மேல்கோடிக்குப் போனவர்கள் அந்த மண்ணைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் சாம்பல் நிறச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேலே காய்ந்த ஓடு, காலை வைத்தால் அடியில் புதைகிறது. ஒரு வெடிப்புக்குள் குச்சியை விட்டால் முழங்கை ஆழத்துக்கு மேலும் இறங்குகிறது. அதில் பதிந்த யானைக் கால்தடங்கள் சட்டி சட்டியாக இறுகிப்போய் நிற்கும். ஆறு தேக்கத்துக்குள் நுழையும் வாயில் மணலும் கனமான வண்டலும் முதலில் படியும். மாவு போன்ற நுண்மண் மட்டும் உள்ளே வெகுதூரம் மிதந்து போய் அணைச் சுவரை ஒட்டி அமரும். குடிநீர் எடுக்கும் வாய்க்கும், டர்பைனுக்குப் போகும் வாய்க்கும் தொல்லை தருவது இந்த இரண்டாவது வகைதான். மழைக்காலத்தில் அணை நிறைந்திருந்தும் கோவையில் குழாய்த் தண்ணீர் குறைவது இதனால்தான். வெள்ளியங்காட்டுக்கு வரும் நீர் காவி நிறத்தில் கலங்கி வந்தால், படிகாரம் கூட்டிப் போட்டு மெதுவாகத்தான் தெளிய வைக்க முடியும். அதற்குள் நகரத்தில் தண்ணீர் விடும் முறை தள்ளிப்போய்விடுகிறது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. அணை ரொம்பி வழியுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், இங்க நல்ல தண்ணி வந்து எட்டு நாளாச்சு என்றுதான் கேட்பார்கள். உப்புத் தண்ணீரை வைத்துப் புழங்கிக்கொண்டு, குடிக்கக் கேன் வாங்கும் வீடுகளுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மேலே இவ்வளவு மழை, கலங்கல் இவ்வளவு, ஆகவே இன்றிலிருந்து இத்தனை நாள் முறை தள்ளும் என்று. மாநகராட்சிக்கு இது ஒரு குறுஞ்செய்திச் செலவு.

மண் எங்கிருந்து வருகிறது? நீலகிரியின் சரிவுகளிலிருந்து. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எத்தனை இடத்தில் மலைச்சரிவு வெட்டி எடுத்ததுபோல் இறங்கியது என்று அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்தார்கள். அப்படி இறங்கிய மண்ணுக்குப் போக்கிடம் கீழே உள்ள அணைகள்தான். குந்தா அணைக்கும் கெத்தை அணைக்கும் இதே வியாதி உண்டு என்பதை மின்வாரியப் பொறியாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். பெருமழை மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட, மண்ணைக் கிளறி வெறுமனே விடும் மாதங்களில் பெய்கிற சாதாரண மழையே போதும். சரிவை வெட்டிக் கட்டும் விடுதிகள், சாலை அகலப்படுத்தும்போது பள்ளத்தில் தள்ளிவிடும் மண் எல்லாம் இதில் சேர்த்தி. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் மலைக் குடியானவரைக் குற்றவாளியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு வரப்பும் கல்கட்டும் கட்ட உதவினால் அவர் தோட்டத்து மேல்மண் அவரிடமே நிற்கும், அவருக்குத்தான் முதல் லாபம். ஊட்டியில் மண்வள ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிலையம் 1954 முதல் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. கீழே உள்ள நகரத்தின் தண்ணீர்க் காசில் ஒரு சிறு பகுதி மேலே உள்ள சரிவுக்குப் போக வேண்டும். அந்த ஏற்பாடுதான் இல்லை.

இதற்கிடையில் மேலே புதிய வேலைகள் நடக்கின்றன. போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி, எமரால்டுக்கும் இடையே 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டத்துக்காக மலையைக் குடைந்திருக்கிறீர்கள். சில்லஹள்ளாவில் 1,000 மெகாவாட் திட்டம் ஒன்று பேச்சில் இருக்கிறது, அங்குள்ள விவசாயிகள் அதை எதிர்க்கிறார்கள். சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகும்போது, உபரி நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே இறக்கும் ஏற்பாடு அவசியம் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலையில் தோண்டும் ஒவ்வொரு லாரி மண்ணும் எங்கே கொட்டப்படுகிறது, மழையில் அது எங்கே போய்ச் சேரும் என்ற கணக்கு கோவையின் குடிநீர்க் கணக்கில் வருகிறதா? வர வேண்டும். குந்தாவுக்கு மேலே வெட்டுகிற எதுவும் பில்லூருக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்ல முடியாது.

அப்புறம் இயந்திரம் ஓட்டும் நேரம். என்னுடைய முக்கியமான மனக்குறை இதில்தான் இருக்கிறது.

பில்லூரில் இரண்டு இயந்திரங்களும் ஓடினால் கீழே ஆற்றில் இறங்குவது வினாடிக்குச் சுமார் 6,000 கன அடி. ஒரு மணி நேரம் ஓடினால் 61 கோடி லிட்டர். முதல் இரண்டு குடிநீர்த் திட்டங்களுக்கு இரண்டு நாளைக்குத் தேவையானதைவிட அதிகம். இதைச் சொன்னவுடன், அப்படியானால் கோடையில் இயந்திரத்தையே நிறுத்திவிட வேண்டியதுதானே என்று நகரத்தில் பலரும் கேட்பார்கள். விஷயம் அவ்வளவு நேரானதில்லை. கீழே இறங்கும் தண்ணீர் வீணாகப் போகவில்லை. மேட்டுப்பாளையம் குடிப்பது அதைத்தான். ஆற்றோரத்தில் கிணறு போட்டு எடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவற்றுக்கும் அதுதான். அது போய்ச் சேரும் பவானிசாகரை நம்பி ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் கீழ்பவானிப் பாசனத்தில் மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அதைவிட முக்கியம், கோவையின் மூன்றாவது பில்லூர்த் திட்டத்துக்குப் பெயர்தான் பில்லூர். அது தண்ணீர் எடுப்பது அணைக்குள் இருந்து இல்லை, அணைக்குக் கீழே நெல்லித்துறைப் பக்கம் ஓடும் ஆற்றிலிருந்து. அதாவது முதல் இரண்டு திட்டங்களுக்கு அணையில் தண்ணீர் நிற்க வேண்டும், மூன்றாவது திட்டத்துக்கு ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும். ஒரே நகரம் மேலேயும் கீழேயும் கை நீட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விசை மின்நிலையத்தின் கையில் இருக்கிறது.

அந்த விசையை மாநிலத்தின் மின்தேவை தீர்மானிக்கிறது. காலையிலும் மாலையிலும் விளக்கும் மோட்டாரும் கூடும் நேரத்தில் இயந்திரம் ஓடும். தேவை தணிந்ததும் நிற்கும். நீர்மின்நிலையத்தின் பலமே அதுதான், வேண்டும்போது உடனே ஓட்டலாம், வேண்டாதபோது உடனே நிறுத்தலாம். ஆனால் ஆற்றுக்கும் குடிநீருக்கும் தேவைப்படுவது கொஞ்சம் கொஞ்சமாக இடைவிடாமல் வருவது. மழைக்காலத்தில் இரண்டும் ஒத்துப்போகும். பிப்ரவரி முதல் மே வரை மோதும். அந்த நான்கு மாதத்துக்காவது, இன்று எத்தனை மணி நேரம், ஒரு இயந்திரமா இரண்டா, குறைந்தபட்சம் எவ்வளவு நீர் ஆற்றில் எந்நேரமும் ஓட வேண்டும் என்பதைக் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் நீர்வளத்துறையும் மின்வாரியத்தோடு சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கோடை நெருக்கடியில் நீங்கள் தொலைபேசியில் பேசிச் சமாளிப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல அதிகாரி இருக்கும் வரை அது நடக்கும். மாற்றலாகிப் போனால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்தில் ஒரு விதி வேண்டும். நீர்மட்டம் இன்ன அளவுக்குக் கீழே இறங்கினால் குடிநீருக்கே முன்னுரிமை, மின் உற்பத்தி அதற்குப் பின்னால் என்று. அப்படி இழக்கும் மின்சாரத்துக்கு என்ன விலை என்பதையும் கணக்கிட்டு, மாநில அரசு அதை மின்வாரியத்துக்கு ஈடுகட்ட வேண்டும். ஏற்கெனவே கடனில் இருக்கும் வாரியத்தின் தலையில் நகரத்தின் தாகத்தையும் ஏற்றுவது நியாயமில்லை.

இதே இயந்திர நேரத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை எழுதும்போது மனது கனக்கிறது. மேட்டுப்பாளையம், நெல்லித்துறை, தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கமெல்லாம் பவானியில் குளிக்க வருகிறவர்கள் ஏராளம். ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். கிடா வெட்டு, மொட்டை, காதுகுத்து என்று குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்குகிறார்கள். வரும்போது ஆறு சாதுவாக இருக்கும். பாறைகள் வெளியே தெரியும், பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடுஆறு வரை போய்விடுவார்கள். மேலே இயந்திரம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறைகள் முங்கிவிடும். வானத்தில் மேகம் இருக்காது, மழை இருக்காது, ஆகவே தண்ணீர் கூடும் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றவே தோன்றாது. உள்ளூர்க்காரர்கள் கரையிலிருந்து, வாங்க வாங்க, தண்ணி வருது என்று கத்துவார்கள். அந்தக் குரல் எட்டாமல் போன உயிர்கள் எத்தனையோ. காவல்துறை கரையில் ஆள் போடுகிறது, பலகை வைக்கிறது, பாராட்டுக்குரியது. ஆனால் தண்ணீர் வரப்போகிற நேரம் முன்கூட்டியே தெரிந்தவர் மின்நிலையத்தில் இருக்கிறார். இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால் கரையோரத்தில் குளிக்கும் துறைகள் ஒவ்வொன்றிலும் சங்கு ஊதட்டும். முதலில் சிறிதளவு நீரை விட்டு, மட்டம் கொஞ்சம் ஏறி, ஆட்கள் தாமாகக் கரையேறிய பிறகு முழு அளவுக்குக் கூட்டட்டும். மின்சாரத்துக்கு இதனால் ஏற்படும் தாமதம் பெரிதில்லை. 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் அணையின் உரிமையாளரிடம் அவசரகாலச் செயல்திட்டம் கேட்கிறது. அது அணை உடைவதற்கும் பெருவெள்ளத்துக்குமான திட்டம் என்று ஒதுக்கிவிடாமல், தினமும் நடக்கும் இந்த ஏற்ற இறக்கத்தையும் அதில் சேர்த்து, கரையோரப் பஞ்சாயத்துகளில் தமிழில் ஒட்டி வையுங்கள்.

சரி, மண்ணை என்ன செய்வது? தூர்வாருங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மேட்டுநிலத்துக் குளம் என்றால் பொக்லைனை இறக்கி, வண்டலை விவசாயிகள் டிராக்டரில் அள்ளிப்போக விட்டுவிடலாம். பில்லூர் நடுக்காட்டில் இருக்கிறது. ஒரு லாரி மண் வெளியே வர வேண்டுமானால் காட்டுச் சாலை வழியாக வெள்ளியங்காடு வரை வர வேண்டும். அந்தச் சாலையை யானைகள் கடக்கின்றன, கோடையில் அவை தண்ணீர் குடிக்க வருவதும் இதே தேக்கத்துக்குத்தான். இரவும் பகலும் நூற்றுக்கணக்கான லாரி ஓடினால் அவை எங்கே போகும்? காரமடைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான். ஆகவே வனத்துறை யோசிப்பதை நான் தடை என்று சொல்லமாட்டேன். மத்திய நீர்வளத்துறை 2022-ல் வண்டல் மேலாண்மைக்கு ஒரு தேசிய நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது. வரும் மண்ணைக் குறைப்பது, வந்ததை வெள்ளத்தோடு வெளியேற்றுவது, தங்கிவிட்டதை அள்ளுவது என்று வழிகள் பல உண்டு. இதில் எது பில்லூருக்குப் பொருந்தும் என்று சொல்ல, முதலில் எங்கே எவ்வளவு, எந்த வகை மண் என்று தெரிய வேண்டும். படகில் போய் ஒலி அலை அனுப்பி அடித்தளத்தை அளக்கும் கருவிகள் சாதாரணமாகிவிட்டன. நாட்டில் பல அணைகளை இப்படித்தான் அளக்கிறார்கள். பில்லூருக்கு அளவு எடுத்திருந்தால் அந்த அறிக்கையை அப்படியே வெளியிடுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. மறுபடி அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஆண்டுக்கு எவ்வளவு இழக்கிறோம் என்று புரியும்.

என் எண்ணம், ஒரே அடியாகத் தூர்வாரும் பிரம்மாண்டத் திட்டம் பில்லூருக்கு ஆகாது. கோடையில் மேல்கோடியில் வெளித்தெரியும் மணலையும் கனமான வண்டலையும் ஆண்டுதோறும் கொஞ்சம், யானை நடமாட்டம் பார்த்து, பகலில் மட்டும் எடுப்பது நடக்கக்கூடியது. அந்த மண்ணில் மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று பரிசோதித்த பிறகே யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுங்கள். ஏனென்றால் மணல் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கிருந்தெல்லாம் ஆள் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தூர்வாரும் பெயரில் மணல் வியாபாரம் நடக்க இந்த ஏரி இடமாகிவிடக் கூடாது. அள்ளிய மண்ணின் எடையும் போன இடமும் அன்றன்றே பொதுவில் இருக்கட்டும்.

அணையைச் சுற்றி வாழ்கிறவர்களையும் இதில் மறந்துவிடாதீர்கள். பரளிக்காடு, பூச்சமரத்தூர் என்று இருளர் குடியிருப்புகள் இந்தத் தேக்கத்தின் கரையில்தான் இருக்கின்றன. பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவுக்குப் போன எவருக்கும் அந்த ஊர் நினைவில் இருக்கும். ஆண்கள் பரிசல் ஓட்ட, பெண்கள் சேர்ந்து சமைத்துப் போடும் களி உருண்டையும் கீரையும் கோழிக்குழம்பும் வேறெங்கும் அந்த ருசியில் கிடைக்காது. அந்த வருமானம் ஏரியில் தண்ணீர் நிற்பதைப் பொறுத்தது. எந்த மழைக்கு எந்த ஓடையில் எவ்வளவு மண் வந்தது, பரிசல் எங்கே தரை தட்டுகிறது என்று எந்தக் கருவிக்கும் முன்னால் அவர்களுக்குத் தெரியும். அளவெடுக்கப் போகும் குழுவில் அவர்களைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் அள்ளுவதானாலும் சாலை போடுவதானாலும் 2006-ன் வன உரிமைச் சட்டப்படி அவர்களுடைய கிராமசபையில் முதலில் பேசுங்கள்.

கேரளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவானியில் அட்டப்பாடிப் பக்கம் தடுப்பணை கட்டுகிறார்கள் என்றால் கோவையில் உடனே கொதிப்பு வருகிறது. 2017-லும் வந்தது. கவனமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்பில் பவானிப் படுகையில் கேரளத்துக்கு 6 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறது. அட்டப்பாடி ஆதிவாசிகளுக்கும் தாகம் உண்டு. சிறுவாணி அணை கேரளத்துக்குள் இருக்கிறது. 1973 ஒப்பந்தப்படி நமக்குரிய 1.3 டி.எம்.சி.க்காக ஒவ்வொரு கோடையிலும் கடிதம் எழுதுகிறோம். பில்லூர் நம் மாநிலத்துக்குள், நம் அரசின் கையில் இருக்கிறது. அங்கே மண் சேர்ந்து இழக்கும் கொள்ளளவுக்கு வெளியில் யாரையும் கைகாட்ட முடியாது.

ஆகவே நான் உங்களிடம் எதிர்பார்ப்பவை இவை. வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன், கோடையில் மட்டம் இறங்கியிருக்கும்போது, அணையை அளந்து முடியுங்கள். அறிக்கை தமிழில், வரைபடத்தோடு மாநகராட்சி அலுவலகத்திலும் வெள்ளியங்காடு, காரமடை, மேட்டுப்பாளையம் உள்ளாட்சி அலுவலகங்களிலும் யாரும் பார்க்கும்படி இருக்கட்டும். தினசரி நீர்மட்டத்தைச் சொல்லும்போது அடிக்கணக்கோடு நிறுத்தாமல், பயன்படுத்தக்கூடிய தண்ணீர் எத்தனை மில்லியன் கன அடி, கோவைக்கு அது எத்தனை நாளைக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மின்வாரியமும் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் நீர்வளத்துறையும் வனத்துறையும் உட்காரும் நிலையான குழு ஒன்றை, மாவட்ட ஆட்சியர் தலைமையில், அரசாணையோடு அமையுங்கள். இருளர் குடியிருப்புகளிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் அதில் ஆள் இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை இயந்திரம் ஓட்டும் முறையை அந்தக் குழு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலேயே முடிவு செய்து அறிவிக்கட்டும். குளிக்கும் துறைகளில் சங்கு அடுத்த ஆடிக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை, எந்த அனுமதியும் பாக்கியில்லை.

இவற்றில் எதையாவது நீங்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதை மக்களுக்குச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். அணையில் வேலை பார்க்கும் மின்வாரிய ஊழியர்கள், வெள்ளியங்காட்டில் இரவெல்லாம் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் பணியாளர்கள், காட்டுக்குள் ரோந்து போகும் வனக்காவலர்கள் எல்லோர் மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் உழைப்பை நம்பித்தான் நாங்கள் குழாயைத் திறக்கிறோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பில்லூர்த் தண்ணீர் குடிக்கும் ஒரு கோவைவாசி